ஏடு இருந்தும் திறக்காவிட்டால்...

எங்கள் மத்ரஸாவிற்குச் செம்மங்குப்பத்திலிருந்து ஓத வரும் பிள்ளைகளுள் ஒருவனைப் பற்றி இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். வயது ஒன்பது. மாதத்தில் இரண்டு நாள்கள் அவன் வரமாட்டான். அதற்கு முந்தைய சில நாள்களில் வகுப்பில் சுவரோடு சாய்ந்தே உட்கார்ந்திருப்பான். பாடம் கேட்டால் பதில் வர நேரமாகும். நான் அவனைச் சோம்பேறி என்று எண்ணினேன். எண்ணியதோடு நில்லாமல், ஒருநாள் மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்தும் கொண்டேன். அவன் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் அவனுடைய அத்தா வந்து நின்றார். சிப்காட் வளாகத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்ப்பவர்.

"ஹஜ்ரத், பையனுக்குத் தாலசீமியா. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினால்தான் நடமாட்டம். ஏற்ற வேண்டிய நாள் நெருங்க நெருங்க ஓய்ந்துபோய் விடுவான். முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார்.

வெட்கப்பட வேண்டியவன் நான்தான். அவரிடமும் அன்று மாலையே பையனிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர் போகும்போது கேட்டுச் சென்ற கேள்வி என்னை விடவில்லை.

"பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தான் ஹஜ்ரத்? ஐந்து மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. அதற்குப் பிறகுதானே வெளுக்கத் தொடங்கினான்? பிறவி நோய் என்றால் பிறந்த அன்றே தெரிய வேண்டாமா? கண்பட்டுவிட்டது என்கிறார் என் அம்மா. அவன் தாய் வீட்டு இரத்தம் சரியில்லை என்கிறார்கள் என் தங்கைகள். எது உண்மை?"

கலைப்பாடம் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் இழிவில்லை. மருத்துவ நண்பர் ஒருவரிடம் பல மாலைகள் கேட்டும், அவர் தந்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை அந்தத் தந்தைக்குச் சொன்னேன். அதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லா அறையிலும் ஒரே அலமாரி

நம் உடலின் ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டி.என்.ஏ. எனும் நூலிழை இருக்கிறது. அதில் தாய்வழியாக ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளும் தந்தைவழியாக ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளும் வந்து சேர்கின்றன. அவ்வெழுத்துகளுக்கிடையே சுமார் 20,000 மரபணுக்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு மரபணுவும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு எனலாம்.

இதில் வியப்பு என்னவெனில், கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் இருப்பது ஒரே நூல்தான். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினைச் செய்யும் குறிப்பு மூளைச் செல்லிலும் இருக்கிறது. இருந்தும் மூளை ஹீமோகுளோபினைச் சுரப்பதில்லை. ஏன்?

எங்கள் மத்ரஸாவில் ஒரு கிதாபு அலமாரி உண்டு. முதல் வகுப்பு மாணவனுக்கும் இறுதியாண்டு மாணவனுக்கும் உரிய எல்லா நூல்களும் அதற்குள் இருக்கின்றன. எல்லா வகுப்பறைகளிலும் அதே போன்ற அலமாரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆனால் இன்று இந்த அறையில் எந்த நூல் வெளியே எடுக்கப்பட்டு ரெஹால் பலகை மேல் விரித்து வைக்கப்படுகிறதோ, அதுதான் இன்றைய பாடம். மற்றவை பூட்டினுள் உறங்கும். நூல் இருப்பது வேறு, திறந்திருப்பது வேறு. செல்லின் கதையும் இதுவேயாகும்.

சுருட்டி வைக்கப்பட்ட இரண்டு மீட்டர்

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. இழை முழுவதையும் நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் வரும். அதை அடக்கி வைத்திருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் பெரும்பாலும் இராது. ஆகவே இழை சுருட்டப்பட்டே ஆக வேண்டும். ஹிஸ்டோன் எனும் எட்டுப் புரதங்கள் சேர்ந்து ஓர் உருளையாகின்றன. அதைச் சுற்றி 147 எழுத்து நீளத்திற்கு இழை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றே கூடுதலாகச் சுற்றிக் கொள்கிறது. பிறகு சிறிது இடைவெளி. மீண்டும் ஓர் உருளை. தஸ்பீஹ் மணிகளைக் கோத்தாற்போன்ற இவ்வமைப்பை 1974இல் ரோஜர் கார்ன்பெர்க் எடுத்துரைத்தார். இழையும் புரத உருளைகளும் சேர்ந்த இத்தொகுதிக்குக் குரோமாட்டின் என்று பெயர்.

மணிகள் நெருங்கி இறுகியிருக்கும் பகுதியில் உள்ள மரபணுவைப் படிக்க வரும் புரதங்களுக்கு உள்ளே நுழைய வழியில்லை. மணிகள் விலகிக் கொடுத்த இடத்தில்தான் இழை வெளியே தெரிகிறது. அங்கேதான் அவை அமர முடியும். ஒரு செல்லில் இவ்வாறு திறந்து கிடக்கும் பகுதி முழு இழையில் 2 முதல் 3 விழுக்காடுதான். ஆயினும் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் அமரும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு பங்கிலேயே அடங்கியுள்ளன.

இப்பூட்டுகள் நிலையானவையல்ல. ஹிஸ்டோன்களின் வால் போன்ற முனைகளில் அசிட்டைல் எனும் சிறு கூறு ஒட்டப்பட்டால் பிடி தளரும். அது அகற்றப்பட்டால் பிடி இறுகும். டி.என்.ஏ. எழுத்தின் மேலேயே மெத்தில் எனும் கூறு ஒட்டினால் அப்பகுதி பெரும்பாலும் மௌனமாகிவிடும். மணிகளைத் தள்ளி நகர்த்துவதற்கென்றே சில புரதங்கள், செல்லின் ஆற்றலைச் செலவழித்து உழைக்கின்றன. எழுத்தில் ஒன்றுகூட மாறாமல், எது படிக்கப்படும், எது படிக்கப்படாது என்பது மட்டும் மாறுகிறது.

கோழிக்குஞ்சின் இரத்தம் சொன்ன சாட்சி

"திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்கிறீர்களே, கண்ணால் கண்டவர் யார்?" என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கான சாட்சி இரத்தத்திலிருந்தே கிடைத்தது.

மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இராது. பறவைகளின் சிவப்பணுவிலோ உண்டு. 1976இல் ஹெரால்டு வெய்ன்ட்ராப், மார்க் குரூடின் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கோழிக்குஞ்சுக் கருவின் சிவப்பணுக்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏ.வை நறுக்கும் ஒரு நொதியை அளவோடு செலுத்தினர். சற்று நேரத்தில் ஹீமோகுளோபினுக்குரிய குளோபின் மரபணு நறுக்கப்பட்டுப் போயிற்று. முட்டையின் வெள்ளைக்கருவுக்குரிய மரபணுவோ அதே உட்கருவில் சேதமின்றி இருந்தது. இரத்தச் செல்லில் இரத்தத்தின் ஏடு விரிந்து கிடந்தது. கத்தி அதை எளிதில் தொட்டது. முட்டையின் ஏடு மூடிக் கிடந்தது, கத்தி எட்டவில்லை. இரத்தம் சாராத வேறு செல்லில் அதே சோதனையைச் செய்தபோது குளோபின் மரபணுவுக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்தது.

இன்று இதே தத்துவத்தில், வெட்டி ஒட்டும் ஒரு நொதியைச் செலுத்தி, அது எங்கெங்கே நுழைந்தது என்பதைப் படித்து, ஒரு செல்லின் திறந்த இடங்கள் அனைத்தையும் வரைபடமாக்குகின்றனர். அடாக்-சீக் எனப்படும் இம்முறை 2013இல் வெளிவந்தது. ஆனால் மூலச் சாட்சி கோழிக்குஞ்சுடையதே.

எழுத்துப் பிழையில்லாத நோய்

இனி நம் பையனின் நோய்க்கு வருவோம். ஹீமோகுளோபினில் ஆல்ஃபா இழைகள் இரண்டும் பீட்டா இழைகள் இரண்டும் உண்டு. பீட்டா குளோபின் மரபணு பழுதானால் பீட்டா தாலசீமியா உண்டாகிறது. இந்தியாவில் காணப்படும் பெரும்பாலான பீட்டா தாலசீமியாவிற்குக் காரணம், அம்மரபணுவிலேயே ஓர் எழுத்தோ சில எழுத்துகளோ பிழையாகி விடுவதாகும்.

ஆனால் நெதர்லாந்தில் ஒரு குடும்பம் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. அவர்களுக்கும் தாலசீமியாவே. பீட்டா மரபணுவை எழுத்தெழுத்தாகப் பார்த்தால் பிழை இல்லை. அதைத் தனியே பிரித்தெடுத்து வேறு செல்லில் வைத்தபோது அது ஒழுங்காக வேலையும் செய்தது. ஆனால் அவர்களுடைய சிவப்பணுக்களில் மட்டும் அது ஊமையாக இருந்தது. 1983இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டிற்று. அம்மரபணுவிற்கு முன்னால் நெடுந்தூரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துகள் அறுந்து போயிருந்தன. அதன் விளைவாக, பழுதற்ற அந்த மரபணு இருந்த இடம் முழுவதும் மூடிய குரோமாட்டினாக உறைந்துவிட்டிருந்தது.

அறுந்து போனது எது? 1987இல் ஃபிராங்க் குரோஸ்வெல்டின் குழுவினர் அதைத் தெளிவாக்கினர். குளோபின் மரபணுக்களுக்கு முன்னால் ஓர் ஆணைப்பகுதி இருக்கிறது. அது தானாக எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. ஆனால் சிவப்பணுவாக வளரும் செல்லில் அது திறந்து, இழை வளைந்து, பல்லாயிரம் எழுத்துகளுக்கு அப்பாலுள்ள மரபணுவைத் தொட்டு எழுப்புகிறது. சாவி தொலைந்தால் பூட்டினுள் இருக்கும் நூல் எத்துணைச் செம்மையானதாயினும் பயனில்லை. அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது அதுவேயாகும்.

ஆறாம் மாதத்தில் மாறும் ஏடு

பதினோராம் குரோமோசோமில் பீட்டா வகைக் குளோபின் மரபணுக்கள் ஐந்து வரிசையாக நிற்கின்றன. முதலாவது கருவின் தொடக்க வாரங்களுக்குரியது. அடுத்த இரண்டும் காமா எனப்படுபவை. தாயின் வயிற்றில் வளரும் சிசுவுக்குரியவை. பிறகு டெல்டா. இறுதியில் நிற்பது, பிறந்த பின்னர் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டிய பீட்டா. எந்த வரிசையில் நிற்கின்றனவோ, ஏறக்குறைய அந்த வரிசையிலேயே அவை ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன.

வயிற்றிலிருக்கும் சிசுவுக்குக் காமாவினால் ஆன சிசு ஹீமோகுளோபின் தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவைப் பற்றி இழுத்துக் கொடுக்கிறது. பிறக்கும் வேளையில் குழந்தையின் ஹீமோகுளோபினில் 60 முதல் 80 விழுக்காடு அதுவே. பிறந்த பிறகு காமா மரபணுவின் வாசல் மெல்ல மூடப்படுகிறது. பீட்டாவின் வாசல் திறக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இந்த மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும். வளர்ந்தவரின் உடலில் சிசு ஹீமோகுளோபின் பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே.

அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை இதுதான். பிள்ளையின் பீட்டா மரபணுவில் பிழை பிறந்த அன்றும் இருந்தது. ஆனால் அன்றைய பாடம் பீட்டா அன்று, காமா. காமா பழுதற்றது. ஆகவே பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். காமா மூடி, பீட்டா திறந்தபோதுதான் பிழை வெளிப்பட்டது. கண்ணேறும் இல்லை, யார் வைத்த வினையும் இல்லை. 1948இலேயே புரூக்ளினின் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன், அரிவாள் செல் நோயுள்ள குழந்தைகள் பிறந்த புதிதில் நலமாக இருப்பதற்கு இச்சிசு ஹீமோகுளோபினே காரணம் எனக் கருதினார்.

இதைக் கேட்டதும் அவர், "நல்ல கதவை ஏன் மூட வேண்டும்?" என்றார். மூடுவதும் ஒரு கடமை என்பதை எங்கள் பகுதியினருக்கு நெடிய சொற்களால் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூலை 8 அன்று காலை, செம்மங்குப்பத்தில் ரயில் வரும் வேளையில் மூடியிருக்க வேண்டிய கேட் மூடப்பட்டிருக்கவில்லை. பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகளை இழந்தோம். அந்தக் காலையை இவ்வூர் மறக்கவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பதும், மூட வேண்டிய நேரத்தில் மூடுவதும் சம அளவில் உயிரைக் காப்பவை. உடலினுள்ளும் அப்படியே. வளர்ச்சியைத் தூண்டும் சில மரபணுக்கள் வேண்டாத வேளையில் திறந்து கிடப்பது புற்றுநோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்றாகும். மூடும் ஏற்பாடு நமக்குப் பகையன்று. ஆனால் பீட்டா பழுதான பிள்ளைக்கு, காமாவின் கதவை மட்டும் மீண்டும் திறக்க முடிந்தால் எத்தனை நலம்!

நீலகிரியும் கீழை அரபு நாடும்

முடியும் என்பதற்கு இயற்கையே சான்று வைத்திருந்தது. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் நம் நீலகிரியின் மலைவாழ் மக்களிடையே அரிவாள் செல் கூறு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். இந்தியாவில் அதுபற்றி வந்த முதல் செய்திகளுள் ஒன்று அது. அரிவாள் செல் நோயும் பீட்டா குளோபினின் பிழையால் வருவதே. அதில் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து நாளங்களை அடைக்கும். தாங்கொணாத வலி உண்டாகும்.

பின்னாளில் ஆராய்ந்தபோது, இந்திய நோயாளிகள் பலரும் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாண நோயாளிகளும் அப்பிழையைச் சுற்றி ஒரே வகையான மரபணுச் சூழலைப் பெற்றிருப்பது தெரியவந்தது. அதற்கு 'அரபு-இந்திய' வகை என்றே பெயரிட்டனர். இவ்வகையினருக்குச் சிசு ஹீமோகுளோபின் பெரியவரான பிறகும் கணிசமாகத் தொடர்வதுண்டு. அதனால் ஆப்பிரிக்க வகைகளைக் காட்டிலும் இங்கே நோய் பலருக்குச் சற்றுத் தணிவாக இருக்கிறது. எல்லோருக்கும் அவ்வாறில்லை; கடுந்துயர் அனுபவிப்போரும் உளர். ஆயினும் காமாவின் கதவு ஒருக்களித்திருந்தாலே உடலுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை இவர்களது இரத்தம் காட்டுகிறது.

மருந்தால் அக்கதவைத் தள்ளிப் பார்க்கும் முயற்சியும் பழையதே. மெத்தில் பூட்டைத் தளர்த்தும் அசாசைட்டிடின் எனும் மருந்தைக் கடும் தாலசீமியா நோயாளி ஒருவருக்குக் கொடுத்தபோது காமா குளோபின் உற்பத்தி பெருகியதை 1982இல் வெளியிட்டனர். அம்மருந்தின் தீய விளைவுகள் குறித்த அச்சத்தால் அது பரவவில்லை. ஹைட்ராக்ஸியூரியா எனும் மாத்திரை நிலைத்தது. அமெரிக்காவில் 1998இல் அரிவாள் செல் நோய்க்கு அனுமதி பெற்ற அம்மாத்திரை, சிசு ஹீமோகுளோபினைக் கூட்டித் தருகிறது. நம் நாட்டிலும் மருத்துவர்கள் அதைக் கொடுக்கின்றனர்.

பூட்டை அறிந்தவர்கள் கண்ட வழி

காமாவின் வாசலைப் பூட்டுபவர் யார்? 2008இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் முதலானோர் அவரை அடையாளம் காட்டினர். பி.சி.எல்.11ஏ எனும் புரதமே அது. அதைச் செய்யும் மரபணுவைக் கெடுத்துவிட்டால் காமா திறக்கும். ஆனால் அதில் ஓர் இடர் இருந்தது. அதே புரதம் மூளையின் வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் வேண்டும். ஒரு கதவைத் திறக்கப் போய் வீட்டின் தூணை இடித்துவிடலாமா?

இங்கேதான் திறந்த குரோமாட்டினின் வரைபடம் கைகொடுத்தது. சிவப்பணுவாக வளரும் செல்களில் அம்மரபணுவினுள்ளே மூன்று சிறு இடங்கள் திறந்திருப்பதையும், அவை எதிர்ப்புச் செல்களில் அவ்வாறு செயல்படாததையும் 2013இல் டேனியல் பாயர், ஆர்க்கின் குழுவினர் வெளியிட்டனர். அதாவது, இரத்தத்தில் அம்மரபணுவை எழுப்பும் சாவித்துளை தனி. அந்தத் துளையை மட்டும் அடைத்தால், இரத்தத்தில் பூட்டுபவர் ஓய்ந்துவிடுவார். மற்ற இடங்களில் அவர் பணி தொடரும். எங்கே வெட்ட வேண்டும் என்பதை எது திறந்திருக்கிறது என்ற அறிவே காட்டிக் கொடுத்தது.

அந்த இடத்தைக் கிரிஸ்பர் எனும் மரபணுக் கத்தரியால் வெட்டும் சிகிச்சையே காஸ்கெவி. நோயாளியின் மூல இரத்தச் செல்களை எடுத்து, வெளியில் வைத்துத் திருத்தி, எலும்பு மஜ்ஜையிலுள்ள பழைய செல்களைக் கடும் மருந்தால் அகற்றிய பின் மீண்டும் செலுத்துகின்றனர். 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு முதல் அனுமதி அளித்தன. 2024இல் வெளியான முடிவுகளின்படி, உரிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 தாலசீமியா நோயாளிகளுள் 32 பேர் ஓராண்டேனும் இரத்தம் ஏற்றாமல் வாழ்ந்தனர். பிழையான பீட்டா அவர்கள் உடலில் இன்னும் பிழையாகவே இருக்கிறது. மூடிய காமா திறந்தது, அவ்வளவே.

விலையைச் சொன்னால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். நம் கணக்கில் 18 கோடி ரூபாய்க்கும் மேல். ஒப்பந்தக் கூலி வாங்கும் தந்தை என்ன செய்வார்?

நம்பிக்கையின் ஒளி நம் மாநிலத்திலேயே தெரிகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள மூலச்செல் ஆய்வு மையத்தினர், காமா மரபணுவின் முன்வாசலில் எந்த எழுத்தை மாற்றினால் சிசு ஹீமோகுளோபின் கூடும் என்று ஒவ்வோர் இடமாகத் தேடி, முன்பு அறியப்படாத மாற்றங்களைக் கண்டு 2022இல் வெளியிட்டனர். இழையை வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் நுட்பம் அது. 2024இல் அதே வேலூரில், கடும் ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்ததன் நற்பலனும் வெளியாயிற்று. காமாவைத் திறக்கும் சிகிச்சை அங்கிருந்து எளிய விலையில் வரும் நாளை எதிர்பார்ப்போம். ஆனால் அந்நாள் வரை நம் கைகளில் இருப்பது எது?

நம் வீட்டு வாசலில்

இன்று கைகூடுவன மூன்று. முறையாக இரத்தம் ஏற்றி, அதனால் உடலில் சேரும் இரும்பை மருந்தால் அகற்றுவது முதலாவது. இரும்பை அகற்றும் மாத்திரையைத் தவறவிட்டால் இதயமும் கல்லீரலும் பழுதாகும் என்பதைப் பெற்றோர் நன்கு உணர வேண்டும். பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று இரண்டாவது. வேலூரில் 1986 முதல் இது நடைபெற்று வருகிறது. இதற்கென 2017இல் தொடங்கப்பட்ட 'தாலசீமியா பால் சேவா யோஜனா' எனும் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழியுண்டு. வேலூர் மருத்துவமனையும் அதில் இடம்பெற்றுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தாலசீமியாவையும் அரிவாள் செல் நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது என்பதும் பலர் அறியாத செய்தி.

மூன்றாவது, வருமுன் காப்பது. அந்தத் தந்தை மணந்தது தம் தாய்மாமன் மகளை. தங்கைமார் 'அவள் வீட்டு இரத்தம்' என்று இகழ்ந்த வீடு, அவர்களைப் பெற்ற தாய் பிறந்த வீடே! பிழையுள்ள ஒரு பீட்டாவை அவரும் சுமக்கிறார். அவருடைய மனைவியும் சுமக்கிறார். இருவருக்கும் இன்னொரு நல்ல பீட்டா இருப்பதால் நோயில்லை. சோதித்தாலன்றித் தெரியவும் வழியில்லை. சுமப்பவர் இருவர் இணைந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு குழந்தை நோயோடு பிறக்க வாய்ப்புண்டு. ஒருவர் மட்டும் சுமந்தால் குழந்தைக்குக் கடும் நோய் வருவதில்லை. ஆகவே குற்றம் தாய்வீட்டுக்கும் இல்லை, தந்தைவீட்டுக்கும் இல்லை. உறவுக்குள் மணப்பது வழக்கமாகிவிட்ட குடும்பங்களில், ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த ஒரே பிழை இருபுறமும் இருக்கக்கூடும் என்பதே செய்தி.

இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000 முதல் 12,000 குழந்தைகள் கடும் தாலசீமியாவுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஈரான் 1997 முதலும் சவூதி அரேபியா 2004 முதலும் திருமணத்திற்கு முன் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், 2047க்குள் அந்நோயை ஒழிக்கும் நோக்கத்தோடு பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை நடத்துகிறது. கடற்கரையோரத்து நம் ஊர்களுக்கும் அத்தகைய விழிப்பு வேண்டாமா?

நிக்காஹ் பேசும்போது மஹரைப் பேசுகிறோம், மண்டபத்தைப் பேசுகிறோம், பிரியாணி எத்தனை சஹன் என்று கணக்கிடுகிறோம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையைப் பேசுவதில்லை. பிழையைச் சுமக்கும் ஒருவரை அது பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். மணமாகிவிட்டவர்கள் கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே செய்துகொள்ளலாம். ஜமாஅத்துகள் திருமணப் பதிவேட்டில் இதற்கென ஒரு வரி சேர்த்தால் போதும். யாரையும் ஒதுக்குவதற்கன்று, அறிந்து முடிவெடுப்பதற்கே.

இப்போது அந்தப் பையன் சுவரில் சாய்ந்து உட்காரும் நாள்களில் நான் பாடம் கேட்பதில்லை. அவனை என் அருகில் அமர்த்திக்கொண்டு நானே ஓதிக் காட்டுகிறேன். இரத்தம் ஏற்றித் திரும்பும் நாளில் கன்னம் சிவந்து வருவான்; அன்று வகுப்பில் முதல் குரல் அவனுடையதே. சென்ற வாரம் அவனுடைய அத்தாவும் அம்மாவும் தங்கைமாரும் பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். தங்கைமாருள் ஒருத்திக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அவளும் சுமப்பவள் என்று தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னார்கள். அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை, மாப்பிள்ளையின் இரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.